பராக்கு என்னும் பழம்பகை

புதுநன்மைக்கு ஆயத்தம் செய்த நாள்களில் உபதேசியார் நமக்கு ஒரு பட்டியலை மனப்பாடம் செய்வித்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டதும் தடுமாறாமல் சொல்வதற்கான பட்டியல் அது. பொய் சொன்னேன், தாய் தந்தையர்க்குக் கீழ்ப்படியவில்லை, தம்பியோடு சண்டையிட்டேன் என்று நீளும் அதில், பூசை நேரத்தில் பராக்காயிருந்தேன் என்பதும் தவறாமல் இடம்பெறும். அந்த வயதில் அச்சொல்லின் முழுப்பொருள் நமக்கு விளங்கவில்லை. கோவிற் சன்னல் வழியே தெரிந்த புளியமரத்து அணிலைப் பார்த்ததுதான் பராக்கு என்று எண்ணிக்கொண்டோம். ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அதே சொல் வேறொரு கனத்தோடு நம்மிடம் திரும்பி வந்தது.

அன்று ஒரு முதல் வெள்ளிக்கிழமை. நோயாளிகளுக்கு நற்கருணை வழங்க வீடு வீடாய்ச் சென்றுகொண்டிருந்தோம். நெடுநாளாய்ப் படுக்கையில் கிடந்த முதியவர் ஒருவர் நன்மை வாங்கியபின் நம் கையைப் பற்றிக்கொண்டார். “சாமி, ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்” என்று தொடங்கினார். அந்நேரம் நம் பையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தோம். ஒரு கணந்தான். எவரோ அனுப்பிய ரோசாப்பூப் படமும் அதன்கீழ் ஒரு வணக்கமும். நாம் நிமிர்ந்தபோது பெரியவரின் கை விலகியிருந்தது. “சாமிக்கு வேல இருக்கும். போயிட்டு வாங்க. அடுத்த மாசம் சொல்றேன்” என்றார். வற்புறுத்தினோம்; சிரித்தார்; சொல்லவில்லை. அடுத்த முதல் வெள்ளி வருமுன் அவரை அடக்கம் செய்தோம். அவர் சொல்ல வந்தது என்ன என்பது இறைவனுக்கே தெரியும்.

அந்த அடக்கத்திற்குப்பின் ஒரு வினா நம்மை விடாமல் தொடர்ந்தது. கைப்பேசி என்னும் கருவிதான் நம்மை இப்படி ஆக்கிற்றா? அல்லது நம்முள் ஏற்கெனவே குடியிருந்த ஒன்று தனக்கு ஏற்ற கருவியைக் கண்டுகொண்டதா? விடை தேடி, குருமட நாள்களில் மேலோட்டமாய்ப் படித்துக் கடந்த திருச்சபைத் தந்தையரின் பக்கங்களை மீண்டும் புரட்டினோம். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் நோயை நம்மினும் நன்றாய் அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

எகிப்தின் பாலையில்

வனத்து அந்தோணியார் நம் சிற்றூர் மக்களுக்கு நெருக்கமானவர். சனவரி 17ஆம் நாள் அவருடைய திருநாள் பொங்கலை ஒட்டி வருவதால், ஊர்கள் சிலவற்றில் மாடுகளைக் கோவிலுக்கு ஓட்டிவந்து மந்திரித்துச் செல்வது வழக்கம். ஏறத்தாழ கி.பி. 251இல் எகிப்தில் பிறந்து 356இல் இறந்த அவர், பெற்றோர் விட்டுச்சென்ற நிலபுலன்களைத் துறந்து தனிமையை நாடிப் போனவர். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் எழுதிய வாழ்க்கை வரலாறு அவரை உலகறியச் செய்தது. பேய்கள் விலங்குருக்கொண்டு அவரைத் தாக்கும் காட்சியை ஓவியர் பலர் விரும்பித் தீட்டியுள்ளனர்.

ஆனால் பாலைநிலத் தந்தையரின் வாய்மொழிகளைத் தொகுத்த பழைய நூலில், அவரைப்பற்றி முதலாவதாய் வரும் நிகழ்ச்சியில் சிங்கமும் இல்லை, பாம்பும் இல்லை. அவர் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார். மனம் சலித்துப்போகிறது, எண்ணங்கள் நாலாபக்கமும் அலைகின்றன. இவற்றிலிருந்து மீள வழி என்ன என்று இறைவனிடம் முறையிடுகிறார். சற்றுநேரத்தில், தம்மைப் போன்றே தோற்றமுடைய ஒருவர் எதிரே அமர்ந்து கயிறு திரிப்பதைக் காண்கிறார். அம்மனிதர் வேலை செய்கிறார். பிறகு எழுந்து செபிக்கிறார். மீண்டும் அமர்ந்து கயிறு திரிக்கிறார். மீண்டும் எழுந்து செபிக்கிறார். அவர் இறைவன் அனுப்பிய தூதர். இவ்வாறே செய், மீட்படைவாய் என்பதுதான் அக்காட்சியின் செய்தி. அறிவுரையோ விளக்கமோ அதற்குமேல் இல்லை. ஒரு கயிறும் ஒரு செபமும், ஒன்றன்பின் ஒன்றாய்.

துறவியரில் பெரியவராய்ப் போற்றப்படும் ஒருவரின் முதற்போராட்டம் காமத்தோடும் பொருளாசையோடும் இல்லாமல், ஓரிடத்தில் மனம் நில்லாமையோடு நடந்ததாகத் தொகுப்பாளர் தொடங்குவதில் பொருள் இருக்கிறது. தந்தியும் நாளிதழும் இல்லாத மணல்வெளியிலும் பராக்கு இருந்தது. எல்லாச் சத்தங்களையும் விட்டு ஓடியவரின் உள்ளே அது முன்கூட்டியே வந்து காத்திருந்தது.

நண்பகலில் வரும் பேய்

அந்தப் பகைக்குப் பெயரிட்டு, அதன் நடையையும் வேளையையும் எழுதிவைத்தவர் எவாகிரியுஸ். நாலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இன்றைய துருக்கியின் வடபகுதியான பொந்து நாட்டில் பிறந்தவர். பெரிய பசிலியார் அவரை வாசகராக்கினார். நசியான்சு கிரகோரியார் திருத்தொண்டராக்கினார். 381ஆம் ஆண்டின் பொதுச்சங்கம் கூடிய கொன்ஸ்தாந்திநோபிள் நகரில், சொல்வன்மை மிக்க இளைஞராய்ப் புகழ்பெற்றார். மணமான ஒரு பெண்மீது கொண்ட காதலால் வீழ்ச்சியின் விளிம்புக்கு வந்தவர், நகரைவிட்டு எருசலேமுக்குப் புறப்பட்டார். அங்கே நெடுநாள் காய்ச்சலில் கிடந்த அவரை, ஒலிவமலையில் துறவு மடம் நடத்திய மெலானியா என்னும் அம்மையார் தேற்றி, எகிப்தின் பாலைக்கு அனுப்பிவைத்தார். நித்ரியாவில் இரண்டு ஆண்டுகள், கெல்லியாவில் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 399இல் இறந்தார். நூல்களைப் படியெடுத்துக் கொடுத்து அதில் வந்த கூலியில் உண்டார்.

கெல்லியா என்றால் அறைகள் என்று பொருள். ஒருவர் குரல் மற்றவர்க்குக் கேளாத தொலைவில் துறவியர் தனித்தனியே குடில் அமைத்துத் தங்கிய இடம். மணலில் மறைந்துபோன அவ்விடத்தை 1964இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன் அடையாளம் கண்டார். வார நாள்களைத் தனிமையில் கழித்து, சனி ஞாயிறுகளில் மட்டும் வழிபாட்டிற்காகக் கூடிய அந்த மனிதர்களின் உள்ளத்தில் நடந்ததைத்தான் எவாகிரியுஸ் உற்றுநோக்கினார். மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாய் வகுத்தார். உணவாசை, காமம், பொருளாசை, துயரம், சினம் ஆகியவற்றை அடுத்து ஆறாவதாய் வைத்தது அக்கேடியா. அதன்பின் வீண்பெருமையும் செருக்கும் வரும்.

அக்கேடியா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு அக்கறையற்றுப் போதல் என்பது வேர்ப்பொருள். எட்டிலும் இதுவே மிகப் பாரமானது என்றார் அவர். திருப்பாடல் 91இல், நண்பகலில் தாக்கும் அழிவைப்பற்றி ஓர் அடி வருகிறது. அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் நண்பகல் பேய் என்று பெயர்த்தார்கள். எவாகிரியுஸ் அப்பெயரையே இதற்குச் சூட்டினார்.

அவர் தீட்டும் காட்சியை நம் சொற்களில் சுருக்கிச் சொல்வோம். காலை பத்து மணியளவில் தொடங்குகிறது இதன் முற்றுகை. பிற்பகல் இரண்டு மணிவரை நீடிக்கிறது. கதிரவன் நகராமல் நின்றுவிட்டதுபோலவும், பகலுக்கு ஐம்பது மணிநேரம் இருப்பதுபோலவும் துறவிக்குத் தோன்றுகிறது. கண் சன்னலுக்குப் போகிறது. வெளியே வந்து, உணவு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று வானத்தைப் பார்க்கிறார். எந்தச் சகோதரராவது வருகிறாரா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நோக்குகிறார். பிறகு இருக்கும் இடம் கசக்கிறது. செய்யும் தொழில் கசக்கிறது. தம்மை ஒருவரும் தேற்றவில்லை, அன்பு செத்துப்போயிற்று என்று நினைக்கிறார். அண்மையில் எவராவது மனம் நோகப் பேசியிருந்தால் அது நினைவுக்கு வருகிறது. வேறிடத்தில் பிழைப்பு எளிது, இறைவனை எங்கிருந்தும் வழிபடலாமே என்னும் நியாயமும் கூடவே வருகிறது. வீட்டாரின் நினைவு, பழைய வாழ்வின் நினைவு, இன்னும் எத்தனை நீண்ட ஆண்டுகள் இப்படியே என்னும் மலைப்பு, எல்லாம் சேர்ந்து அவரை அறையைவிட்டு வெளியே தள்ளுகின்றன.

இன்னொரு நூலில் அவர் காட்டும் படம் நமக்கு இன்னும் நெருக்கமானது. துறவி புத்தகத்தை விரிக்கிறார், கொட்டாவி விடுகிறார், கண்ணைத் தேய்த்துக்கொள்கிறார், சுவரைப் பார்க்கிறார். மறுபடி சிறிது படித்துவிட்டு, முடிய இன்னும் எத்தனை ஏடுகள் என்று எண்ணுகிறார். எழுத்தமைப்பைக் குறைகூறுகிறார். கடைசியில் புத்தகத்தைத் தலைக்கு அணையாக வைத்து உறங்குகிறார். பசி வந்து எழுப்புகிறது. குருமடத்துப் படிப்பறையில் அமர்ந்த எவரும் இதைச் சிரிக்காமல் படிக்க இயலாது. மறையுரைக்கு ஆயத்தம் செய்ய அமர்ந்து, ஒரு பத்தி எழுதுவதற்குள் நாலுமுறை கைப்பேசியை எடுத்து வைக்கும் இன்றைய பங்குத்தந்தையும் சிரிக்காமல் படிக்க இயலாது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்தத் துறவியின் கண்ணை இழுக்கச் சன்னலில் எதுவும் இல்லை, வெறும் மணல். ஆகவே வெளியே உள்ள அழகால் ஏற்பட்ட மயக்கம் என்று பராக்கைச் சொல்லமுடியாது. இருக்கும் இடத்திலிருந்தும், கையிலுள்ள வேலையிலிருந்தும், பக்கத்திலுள்ள மனிதரிடமிருந்தும் நழுவும் மனந்தான் சன்னலைத் தேடிற்று. அதற்கு மணலே போதுமாயிருந்தது. முதியவரின் படுக்கையருகே நமக்கு ஒரு ரோசாப்பூப் படம் போதுமாயிருந்தது.

பாலை கண்ட மருந்துகள்

எவாகிரியுஸ் நோயை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. சோதனை வேளையில் அறையைவிட்டு நீங்கக்கூடாது என்பது அவருடைய முதல் மருந்து. நீங்குவதற்கான காரணம் எவ்வளவு அழகாயிருந்தாலும் நீங்கக்கூடாது. இரண்டாவதாக, சலிப்பு மிகும்போது துறவி தம் ஆன்மாவை இரண்டாய்ப் பிரித்து, ஒரு பாதியைக் கொண்டு மறுபாதிக்கு ஆறுதல் கூறவேண்டும் என்றார். தம்மையே அடித்து நொறுக்கச் சொல்லவில்லை, தேற்றச் சொன்னார். மூன்றாவதாக, எட்டு வகை எண்ணங்களுக்கும் மறுமொழி கூறத்தக்க விவிலிய வசனங்கள் ஏறத்தாழ 500ஐத் திரட்டி ஒரு கைந்நூலாக்கித் தந்தார். இந்தப் போராட்டத்தைக் கடந்தபின் வேறு பேய் உடனே தொடர்வதில்லை, அமைதியும் மகிழ்ச்சியும் வருகின்றன என்றும் உறுதி கூறினார்.

அவர் இறந்தபின், ஒரிஜனின் கருத்துகளைச் சார்ந்தவர் என்ற குற்றச்சாட்டு அவர்மேல் எழுந்தது. 553ஆம் ஆண்டின் இரண்டாம் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கத்தை ஒட்டி அவர் கொள்கைகள் கண்டனத்துக்குள்ளாயின. ஆயினும் செபத்தைப்பற்றி அவர் எழுதியவை நீலுஸ் என்னும் வேறொருவர் பெயரில் கிரேக்கத் துறவியரிடையே வழங்கிவந்தன; சிரியாக் மொழியிலும் பல நூல்கள் பிழைத்தன.

அவருடைய அனுபவ ஞானத்தை இலத்தீன் உலகுக்குக் கொண்டுவந்தவர் யோவான் காசியான். எகிப்தின் துறவியரிடையே பல ஆண்டுகள் வாழ்ந்து, ஏறத்தாழ 415இல் பிரான்சின் தென்கரையிலுள்ள மார்செய் நகருக்கு வந்து மடங்களை நிறுவினார். மனத்தைப்பற்றி மோசே என்னும் தந்தை சொன்ன ஓர் உவமையை அவர் பதிவு செய்துள்ளார். மனம் நீரோட்டத்தால் சுழலும் எந்திரக்கல்லைப் போன்றது. நீர் ஓடும்வரை கல் நில்லாது. ஆனால் அதில் கோதுமையை இடுவதா, வாற்கோதுமையை இடுவதா, களைவிதையை இடுவதா என்பது ஆலைக்காரனின் கையில் இருக்கிறது. எண்ணமே எழாத மனம் வேண்டுமென்று ஏங்கி நிற்பவர்க்கு இது பெரிய ஆறுதல். நம்மிடம் கேட்கப்படுவது கல்லை நிறுத்துவது அன்று. காலையில் முதற்படியாக எதை இடுகிறோம் என்பதே.

மனம் ஒரு திருப்பாடலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறதே என்று காசியானின் தோழர் ஜெர்மானுஸ் முறையிட்டபோது, ஈசாக் என்னும் முதியவர் ஒரு மருந்து தந்தார். திருப்பாடல் 70இன் தொடக்கத்தில், துணைக்கு விரைந்து வருமாறு இறைவனை அழைக்கும் குறுகிய அடி ஒன்று உண்டு. வேலையிலும் நடையிலும் உறக்கம் வரும்வேளையிலும் அதையே பற்றிக்கொள் என்றார். திருப்புகழ்மாலையின் ஒவ்வொரு வேளையையும் திருச்சபை இன்றும் அந்த அடியோடு தொடங்குகிறது. நாள்தோறும் அதைச் சொல்லும் குருக்களாகிய நாம், அது பராக்குக்கு மருந்தாகத் தரப்பட்டது என்பதைப் பெரும்பாலும் மறந்தே சொல்கிறோம்.

காசியான் கூறும் நிகழ்ச்சிகளில் நம்மை மிகவும் நிறுத்தியது பவுல் என்னும் தந்தையின் கதை. அவர் ஊர்களிலிருந்து ஏழு நாள் நடைத்தொலைவில் வாழ்ந்தார். பேரீச்ச மரங்களும் சிறு தோட்டமும் உணவு தந்தன; கைத்தொழில் செய்து பிழைக்கவேண்டிய தேவை இல்லை. செய்தாலும், பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகும் கூலி அதன் விலையைவிட மிகும். ஆயினும் அவர் ஈச்ச ஓலைகளைச் சேகரித்து, அதனால்தான் அன்றைய உணவு கிடைக்கும் என்பதுபோல, நாள்தோறும் குறித்த அளவு வேலையைத் தவறாமல் செய்தார். ஆண்டு முடிவில் குகை நிறைந்துவிடும். அப்போது அனைத்தையும் எரித்துவிட்டு மீண்டும் தொடங்குவார்.

ஓர் ஆண்டின் உழைப்பை எரிப்பதா என்று நம் உள்ளம் பதறுகிறது. கவனச் சிதறலைப்பற்றி இன்று நமக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் அனைத்தும் விளைச்சலைக் காட்டியே அழைக்கின்றன: சிதறாதே, அதிகம் சாதிப்பாய், சிதறாதே, தேர்வில் முந்துவாய். பவுலின் கதையோ வேறொன்றைச் சொல்கிறது. கை ஓலையில் இருந்ததால் மனம் இருந்த இடத்தில் இருந்தது. மனம் அங்கே இருந்ததால் இறைவன் பேசும்போது கேட்க ஆள் இருந்தது. கவனத்தின் பயன் அதுவே. கூடைகள் அதன் துணைப்பொருள். முதியவரிடம் நாம் இழந்ததும் எந்த விளைச்சலையும் அன்று. ஒரு மனிதர் தம்மைத் திறக்க முனைந்த கணத்தில் அங்கே இல்லாமற் போனோம்.

மடத்து வாயிற்காவலர்

தனித்தனித் துறவியரின் இந்த அனுபவத்தை ஒரு வீட்டின் ஒழுங்காக்கியவர் புனித ஆசீர்வாதப்பர் என்று நம் முன்னோர் அழைத்த பெனடிக்ட். ஏறத்தாழ 480 முதல் 547வரை இத்தாலியில் வாழ்ந்த அவர் எழுதிய ஒழுங்குநூலில் 48ஆம் அதிகாரம் வேலைக்கும் வாசிப்புக்கும் வேளை குறிக்கிறது. வாசிப்பு வேளையில் முதியவர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றிவந்து, எவராவது அக்கேடியாவால் பீடிக்கப்பட்டு வீண்பேச்சில் இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும். தவக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் தரப்படும். அதை முதலிலிருந்து முறையாக, முழுவதும் படிக்கவேண்டும்.

வேறு சில அதிகாரங்கள் நம் காலத்துக்கென்றே எழுதப்பட்டவை போலுள்ளன. மடத்தலைவரின் இசைவின்றி எவரும் கடிதமோ சிறு பரிசோ பெறவும் அனுப்பவும் கூடாது என்கிறது 54ஆம் அதிகாரம். வாயிலில் அறிவு முதிர்ந்த பெரியவர் ஒருவரை அமர்த்தவேண்டும்; செய்தியை வாங்கவும் மறுமொழி கூறவும் தெரிந்தவராய், அலைந்து திரியாதவராய் அவர் இருக்கவேண்டும் என்கிறது 66ஆம் அதிகாரம். வெளியூர் போய் வந்தவர் அங்கே கண்டதையும் கேட்டதையும் மற்றவர்க்கு எடுத்துரைக்கக்கூடாது என்கிறது அடுத்த அதிகாரம். அதே ஒழுங்குநூல்தான் வரும் விருந்தினர் ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. ஆகவே கதவை அடைத்துக்கொள்வது அவர் நோக்கமன்று. கதவு இருந்தது, கதவுக்கு ஒருவர் இருந்தார், எது எப்போது உள்ளே வரலாம் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அந்தந்தக் கணத்தில் தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் நம்பி அவர் ஒரு மடத்தைக் கட்டவில்லை.

இந்த மரபு நம் காவிரிக்கரைக்கும் வந்தது. குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், பிரான்சிலிருந்து வந்த மோன்சானின் அடிகளாரும், பெனடிக்ட் சபைத் துறவியான ஹென்றி லெ சோவும் 1950இல் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார்கள். அதன் சாந்திவனத்தில் ஒருநாள் தங்கியவர்கூட, மௌனத்தின் முதல் சில மணிநேரங்கள் எவ்வளவு கடினமானவை என்பதை அறிவர்.

ஒரு சொல் சுருங்கிய கதை

இவ்வளவு கூர்மையாய் அறியப்பட்ட பகையை நாம் மறந்தது எப்படி? 590 முதல் 604வரை திருத்தந்தையாயிருந்த பெரிய கிரகோரியார், எட்டு எண்ணங்களின் பழைய பட்டியலை மாற்றியமைத்தபோது அக்கேடியாவைத் தனியே வைக்கவில்லை. துயரம் என்பதற்குள் அடக்கினார். பின்வந்த நூற்றாண்டுகளில் அது மீண்டும் பட்டியலில் நுழைந்து, தலையான பாவங்கள் ஏழில் ஒன்றாய், நம் மறைக்கல்வியில் சோம்பல் என்னும் பெயரோடு நிற்கிறது.

சோம்பல் என்றதும் திண்ணையில் படுத்திருப்பவர் நம் நினைவுக்கு வருகிறார். ஓடிக்கொண்டே இருப்பவர் வருவதில்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் இதை ஆராய்ந்தபோது, உடற்சோம்பலோடு நிறுத்தவில்லை. இறைவனோடு கொண்ட நட்பாகிய பெரும் நன்மையைக் கண்டே மனம் துயருற்று விலகுவதுதான் அக்கேடியா என்றார். ஓய்வுநாள் கட்டளைக்கு, அதாவது மனம் இறைவனில் இளைப்பாறுவதற்கு, அது எதிரானது என்றார். அதன் பிள்ளைகளுள் ஒன்றாக மனம் அலைதலை வைத்து, வேண்டாத ஆவல், ஓயாப் பேச்சு, உடல் நிலைகொள்ளாமை, இடம்விட்டு இடம் மாறும் தவிப்பு ஆகியவற்றை அதனோடு சேர்த்தார். நாள் முழுதும் பரபரப்பாய் இருப்பவரும் இந்தப் பாவத்தில் இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். பங்கில் நமக்குப் பரபரப்புக்குக் குறைவில்லை. அதனாலேயே நம்மை நாம் ஐயுறவில்லை.

அக்கேடியா அறச்செயலின் உடையிலும் வரும் என்பதைக் காசியான் முன்பே எழுதியிருக்கிறார். அந்த நோயாளியைப் பார்க்கவேண்டாமா, ஆதரவற்ற அந்த அம்மையாருக்கு உதவவேண்டாமா என்று சொல்லித் துறவியை அறையிலிருந்து கிளப்பும். நாமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். பங்குத்தந்தையின் கைப்பேசி எந்நேரமும் விழித்திருக்கவேண்டும், அவசர அழைப்பு வரலாம் என்றோம். வந்தது ரோசாப்பூ.

நம் காலத்தின் சன்னல்

பழைய பகை என்பதால் புதியது எதுவும் இல்லை என்று கொள்வது தவறு. 1971இலேயே அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், செய்தி பெருகும்போது கவனம் வறுமையுறும் என்று சுட்டிக்காட்டினார். நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு சூலையில் முதல் கைப்பேசி அழைப்பு பேசப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 15இல் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2006இல் ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கத்தின் முடிவே தென்படாமல் மேன்மேலும் தள்ளிப் படிக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வெளிப்படையாய் வருந்தினார். 2007இல் தொடுதிரைக் கைப்பேசியான ஐபோன் வந்தது. 2009இல் முகநூலில் விருப்பக்குறி வந்தது. முகநூல் நிறுவனத்தின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், பயன்படுத்துவோரின் நேரத்தையும் கவனத்தையும் இயன்றமட்டும் உறிஞ்சுவது எப்படி என்பதே தங்கள் தொடக்கநாள் சிந்தனையாயிருந்தது என்று 2017இல் ஒப்புக்கொண்டார்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலார் குளோரியா மார்க் இதை அளந்தும் பார்த்தார். கணினித் திரையில் ஒன்றன்மேல் மக்களின் கவனம் நிலைத்த நேரம், 2004இல் அவர் கண்ட சராசரி 150 நொடி. 2012இல் 75 நொடி. பின்வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 47 நொடி.

இங்கேதான் நம் காலம் எகிப்தின் பாலையிலிருந்து வேறுபடுகிறது. எவாகிரியுசின் துறவி சன்னலுக்குப் போனபோது, அச்சன்னலால் எவருக்கும் ஆதாயம் இல்லை. நம் சன்னலோ, நாம் எத்தனைமுறை திரும்பிப் பார்க்கிறோம் என்பதை எண்ணி விற்கும் சந்தையின் சன்னல். மணலைப் பார்த்துச் சலித்தவர் மறுபடி ஓலைக்குத் திரும்பினார். திரையைப் பார்ப்பவருக்குச் சலிப்பு வருமுன் அடுத்தது வந்துவிடுகிறது. 2015ஆம் ஆண்டின் ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில், செய்தி வெள்ளத்தின் இரைச்சலில் முற்காலத்துப் பெரும் ஞானியரின் குரல் கேளாமற் போகும் இடர் உண்டென்று திருத்தந்தை பிரான்சிஸ் எச்சரித்தது இதனாலேயே.

ஆயினும் கருவியைச் சபிப்பது நன்றியறிதல் ஆகாது. 2020இல் கோவில்கள் பூட்டிக்கிடந்தபோது திருப்பலியை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது இதே கைப்பேசிதான். வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை, தாம் இன்னும் தூக்கிப் பாராத குழந்தையின் முகத்தை இரவில் காண்பதும் இதில்தான். அந்தத் தந்தை திரையைப் பார்க்கும்போது பராக்காயில்லை. அவர் முழு உள்ளமும் அங்கே இருக்கிறது. ஒரே மேசையில் உண்ண அமர்ந்த நால்வர் நாலு திரைகளைப் பார்க்கும்போதுதான் அந்த வீட்டில் நண்பகல் பேய் ஐந்தாவதாய் அமர்ந்திருக்கிறது.

நாம் செய்துகொண்ட ஏற்பாடு

மற்றவர்க்கு அறிவுரை கூறும் தகுதி நமக்கு இல்லை. நம் பங்கில் நாம் செய்துகொண்ட சிறு ஏற்பாட்டை மட்டும் சொல்கிறோம். ஆசீர்வாதப்பரின் வாயிற்காவலரைப்போல், நம் கைப்பேசிக்கும் ஒரு காவலர் கிடைத்தார். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது கோவில்பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொள்கிறார். சாவுக்கிடையாய் இருப்பவர்க்கு அழைப்பு வந்தால் மிதிவண்டியில் வந்து சொல்லிவிடுவார். இதுவரை இரண்டுமுறைதான் அவர் மிதிவண்டியை எடுக்க நேர்ந்தது. காலையில் திருப்புகழ்மாலை முடியும்வரை கைப்பேசி அறையைவிட்டு வெளியே இருக்கிறது. எந்திரக்கல்லில் முதற்படியாய் விழுவது திருப்பாடலாக இருக்கட்டும் என்று. பிற்பகலில் கோவில் தோட்டத்தில் அரைமணி நேரம் மண்வெட்டி பிடிக்கிறோம். விளைவது அதிகமில்லை, சில கத்தரிக்காய்கள். தவறும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் அடுத்த பங்கின் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, உபதேசியார் கற்றுக்கொடுத்த பழைய சொல்லையே சொல்கிறோம்.

வீடுகளில் இவ்வேற்பாடு வேறு வடிவம் பெறலாம். இரவுச் செபத்துக்கும் உணவுக்கும் கைப்பேசிகள் எல்லாம் ஓரிடத்தில் அடங்கட்டும். பிள்ளைகளுடையவை மட்டுமல்ல, பெற்றோருடையவையும். பேரக்குழந்தை பள்ளியில் நடந்ததைச் சொல்ல வரும்போதும், கணவனோ மனைவியோ சொல்லத் தயங்கிய ஒன்றைத் தொடங்கும்போதும், அந்தக் கணம் முன்னறிவிப்பின்றி வருகிறது. தவறினால், அடுத்த மாதம் சொல்வதாகச் சொல்லிப் போய்விடுகிறது.

அந்தப் பெரியவரின் மனைவியும் இப்போது வெளியே நடமாட இயலாதவராகிவிட்டார். முதல் வெள்ளிதோறும் அதே வீட்டுக்குப் போகிறோம். நன்மை வழங்கியபின் அதே முக்காலியில் அமர்கிறோம். அம்மா பெரிதாய் ஒன்றும் சொல்வதில்லை. ஆடு குட்டி போட்டதைச் சொல்வார். மழை பெய்யாததைச் சொல்வார். சில வேளைகளில் எதுவும் சொல்லாமல் கூரையைப் பார்த்திருப்பார். நாம் எழுந்திருக்க அவசரப்படுவதில்லை.